மடியில் விட்ட ஓணான்

(ஸ்ரீரங்கத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் கொடுத்த தலைப்பு ‘வீட்டில் பச்சோந்தி வளர்க்கலாமா?’ என்பது. ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் கைப்பேசியில் வெளிநாட்டுப் பச்சோந்தி வீடியோக்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஜோடி வாங்கிக் குஞ்சு பொரிக்க வைக்கலாமா, அதற்குத் தமிழில் புத்தகம் இருக்கிறதா என்று நூலகத்தில் வந்து கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேசுவது அவர்களிடம்தான். பெரியவர்கள் கூட இருந்து கேளுங்கள்.

தம்பிகளா, நானும் ஒன்றை வளர்த்தவன். ஒன்பது நாள் வளர்த்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மேலூர் போகிற பாதையில் எங்கள் அப்பாயிக்கு ஒரு துண்டு வாழைத் தோட்டம் இருந்தது. ஐப்பசி மாதம். நாலு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. தோட்டத்தைச் சுற்றிலும் கிளுவை வேலி. அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிக் கிடக்கும். அந்த வேலியடியில், ஈர மண்ணில், ஒரு பச்சோந்தி இறங்கி நின்றது. வால் நுனிவரை அளந்தால் ஒரு அடி இருக்கும். முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துப் பறித்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டு ஒரு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியது. மற்றக் கண் மண்ணையே பார்த்தது. மரத்தில் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. தரையில் இருந்ததால் துண்டைப் போட்டு அமுக்கிவிட்டேன்.

வீட்டில் பால் தயிர் வைக்கிற பழைய வலை அலமாரி ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் ஒரு கொய்யாக் கிளையை ஒடித்து வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதை உள்ளே விட்டேன். வெட்டுக்கிளி பிடித்து விட்டேன். தொடவில்லை. கிண்ணத்துத் தண்ணீரையும் தொடவில்லை. அன்று மாலை வரை இலைப்பச்சையாக இருந்த உடம்பு மறுநாள் கருத்துப் போயிருந்தது. கிளையில் ஒருநாளும் அது தங்கவில்லை. இறங்கி வந்து அலமாரியின் அடிப்பலகையில், ஒரே மூலையில், சுரண்டிக்கொண்டே இருந்தது. ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். பலகையில் நகம் இழுபடுகிற சத்தம்.

அப்பாயி வந்து பார்த்தார். “அது வாயும் வயிறுமா இருக்குய்யா. மண்ணு தேடுது. எடுத்த எடத்துல விட்டுட்டு வாய்யா” என்றார். நாளைக்கு விடுகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்து நண்பர்கள் இன்னும் இரண்டு பேர் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே சொன்னேன். ஒன்பதாம் நாள் காலையில் அதே மூலையில் செத்துக் கிடந்தது. கண்கள் குழிந்து போயிருந்தன. வயிறு மட்டும் அப்படியே உப்பி இருந்தது. அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு போய், அது தோண்டத் தொடங்கியிருந்த அதே வேலியடியில் புதைத்தார்.

அது முட்டையிட இறங்கி வந்த தாய். எனக்கு அது விளங்கியது வெகுகாலம் கழித்துப் படித்தபோதுதான். நம் ஊர்ப் பச்சோந்தி ஆயுள் முழுக்க மரத்திலும் புதரிலும் இருக்கிற பிராணி. பெண் தரைக்கு வருவது பெரும்பாலும் இந்த ஒரு காரியத்துக்குத்தான். மழை மண்ணை இளக்கியபின் இறங்கி, மணிக்கணக்காகக் குழி பறித்து, இருபது முப்பது வரைகூட முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மேலே மிதித்துச் சமன் செய்துவிட்டு மரத்துக்குத் திரும்பும். தோண்ட மண் கிடைக்காத தாய் முட்டையை அடக்கி வைக்கும். அடக்கி வைத்த முட்டை தாயைக் கொன்றுவிடும். ஊரில் கையில் அகப்படுகிற பச்சோந்திகளில் பல அப்படி இறங்கி வந்த தாய்கள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒன்றைப் பிடித்ததாக நினைப்போம். ஒரு குழி முட்டையே போயிருக்கும்.

இப்போது பெயரைப் பார்ப்போம். பச்சோந்தி என்பது பச்சை ஓந்தி. ஓந்தி, ஓதி என்பவை ஓணானுக்குப் பழைய பெயர்கள். குறுந்தொகையின் 140ஆம் பாட்டில் ஒரு கிழட்டு ஆண் ஓதி வருகிறது. பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். அதன் முதுகைக் கருக்கரிவாளின் பல்லோடு ஒப்பிடுகிறார் அந்த அம்மையார். பாலை வழியில் போகிறவர்கள் அதைப் பார்த்து நிமித்தம் கொள்கிறார்கள். அரிவாளின் பல்லைப் பார்த்த கண், ஓதியின் முதுகையும் அவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பிய மரபியலோ பறவைக் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர் சொல்லிவிட்டு, தவழ்கிறவற்றின் குஞ்சுக்கும் அதே பெயர்கள்தாம் என்று சேர்த்துவிடுகிறது. அணிலையும் கீரியையும் இன்றைக்கும் பிள்ளை என்கிறோம். அந்தக் கணக்கில் பச்சோந்திக் குஞ்சும் பிள்ளைதான்.

பிற்காலத்தில் நாம் அந்த உறவை விட்டுவிட்டோம். ராமர் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதை கட்டி, அதைச் சொல்லியே தலைமுறை தலைமுறையாக ஓணானைக் கல்லால் அடித்தோம். பச்சோந்தியோ அரசியல் மேடைக்குப் போய்விட்டது. கட்சி மாறுகிறவனுக்கு அதன் பெயரை வைத்தோம். இது அந்தப் பிராணிக்குப் பெரிய அநியாயம். ஏன் என்று சொல்கிறேன்.

பச்சோந்தி இருக்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல் நிறம் மாற்றி ஒளிந்துகொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும், கட்டம் போட்ட துணியில் விட்டால் கட்டம் கட்டமாக மாறும் என்றெல்லாம் சொல்வார்கள். ஆகாது. அது நிறம் மாற்றுவது முக்கியமாக இன்னொரு பச்சோந்தியிடம் பேசுவதற்கும், உடம்பின் சூட்டைச் சரிசெய்துகொள்வதற்கும். குளிரில் விறைத்த காலையில் கருத்து வெயிலை வாங்கும். சூடேறினால் வெளிறும். எதிராளியைக் கண்டால் பட்டைகள் பளிச்சிடும். பயந்தால், நோய்வாய்ப்பட்டால் கருக்கும். தென்னாப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், நிறம் மாற்றும் திறன் வளர்ந்ததே சக பச்சோந்திக்குக் காட்டிக்கொள்வதற்காகத்தான் என்று கண்டார்கள். மனத்தில் இருப்பதை உடம்பு முழுக்க எழுதிக் காட்டுகிற பிராணி அது. மறைக்கத் தெரியாது. என் அலமாரியில் இருந்த பச்சோந்தி ஒன்பது நாளும் கருத்துக் கருத்துச் சொன்னது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அந்த நிறம் எப்படி மாறுகிறது என்பதும் 2015இல்தான் சரியாக விளங்கியது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிஷெல் மிலின்கோவிச்சின் குழு, மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்தது. தோலின் அணுக்களுக்குள் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீலத்தைத் திருப்பி அனுப்பும். மேலே இருக்கிற மஞ்சள் நிறமியோடு அந்த நீலம் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை ஆகிறது. கிளர்ச்சி வந்தால் படிகங்களின் இடைவெளி விரிகிறது. மஞ்சளும் சிவப்பும் திரும்புகின்றன. இங்கே சாயத்துக்குப் பெரிய வேலை இல்லை. மயில் இறகிலும் சோப்புக் குமிழியிலும் நாம் பார்க்கிற அதே ஒளி விளையாட்டுதான் இது. ஆனால் இதை அது நினைத்தபோது நடத்துகிறது.

நாக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாய்க்குள் ஒரு எலும்பின் மேல், சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றியதுபோல நாக்கு சுருண்டிருக்கிறது. உள்ளே இருக்கிற உறைகளைத் தசை முதலில் இழுத்து முறுக்கி வைக்கும், பிறகு விடும். வில்லும் அம்பும்தான். உடம்பின் நீளத்தையும் தாண்டி நாக்கு பாயும். ஆப்பிரிக்காவின் விரல் நீளச் சிறு பச்சோந்தி ஒன்றில் இந்தப் பாய்ச்சலை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 260 மடங்குக்கும் மேல். பூச்சியைக் குறிபார்க்கும்வரை இரண்டு கண்ணும் இரண்டு திசையில் சுழலும். குறி வைக்கிற நொடியில் இரண்டும் முன்னால் வந்து ஒன்றாகும். அந்த நொடியைத் தம்பிகள் ஒருநாள் வேலியில் நேரில் பார்க்க வேண்டும். அதற்கு எந்த வீடியோவும் ஈடாகாது.

இவ்வளவு அழகான பிராணியை வளர்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஆசையில் தப்பே இல்லை. அந்த ஆசை இருக்கிறவர்களால்தான் இந்தப் பிராணிக்கு ஏதாவது நல்லது நடக்கும்.

நம் ஊர்ப் பச்சோந்தியைப் பொறுத்தவரை பதில் ஒரே வரிதான். இந்தியாவின் வறண்ட நிலங்களிலும் இலங்கையின் வறண்ட வடமேற்கிலும் இருக்கிற இந்த இனத்துக்கு 1768இல் லாரென்டி என்பவர் இலங்கையின் பெயரையே வைத்தார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இது இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கொல்வது, பிடிப்பது, பொறி வைப்பதோடு, ஊர்வனவற்றின் முட்டையைக் கலைப்பதும் வேட்டைதான். பன்னிரண்டு வயதில் நான் செய்தது இரட்டை வேட்டை.

வெளிநாட்டு இனங்களுக்கு வருகிறேன். தம்பிகள் பார்த்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் இரண்டு இனங்கள். ஒன்று ஏமன், சவூதிப் பக்கத்து வெயில்டு பச்சோந்தி. தலையில் கிரீடம் போலக் கொண்டை இருக்கும். மற்றது நான் முன்னே சொன்ன மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி. இரண்டும் அயல்நாடுகளில் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்கின்றன. ஆகவே முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னென்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தொட்டி ஆகாது. காற்று ஓடுகிற வலைக் கூண்டு வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரை அது தண்ணீர் என்றே அறியாது. காட்டில் இலைமேல் நிற்கிற பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்தே பழகியது. ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று வேளை இலைமேல் துளி நிற்கும்படி தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலமாரியில் கிண்ணம் வைத்த நான், தண்ணீருக்குப் பக்கத்திலேயே அதைத் தாகத்தில் வைத்திருந்தேன். வெயிலின் புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் டி வைட்டமின் உண்டாகாது, சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. கால் எலும்பு வில்லாக வளையும், தாடை ரப்பர்போல் ஆகும். அதற்குத் தனி விளக்கு உண்டு. அந்த விளக்கின் வெளிச்சம் இருக்கும்போதே கதிர் தீர்ந்துவிடும்; எரிகிறதே என்று விட்டால் பிராணி நொண்டியாகும். தீனிக்கு உயிருள்ள பூச்சி வேண்டும். அந்தப் பூச்சிக்கும் தீனி போட்டு, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டித்தான் கொடுக்க வேண்டும். பச்சோந்தி வளர்க்கிறவர் உண்மையில் பாச்சையும் சிள்வண்டும் வளர்க்கிறவர். வீட்டில் அம்மாவிடம் இதை முதலில் கேட்டுவிடுங்கள்.

சூடு அடுத்தது. பேந்தர் பச்சோந்திக்குப் பகலில் இருபத்தெட்டு, முப்பது டிகிரி போதும். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வெயில் காய இடம் வேண்டும். இரவில் குளிர வேண்டும். நம் திருச்சியில் சித்திரை, வைகாசியில் நாற்பதைத் தாண்டுகிறது. ராத்திரியிலும் சுவர் அனல் கக்குகிறது. மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் அந்த அறை என்ன ஆகும்?

இன்னும் ஒன்று, இதுதான் பலருக்குப் புரிவதில்லை. பச்சோந்தி தனிமை விரும்பி. ஜோடியாக ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்தே நலியும். கண்ணாடியில் தன் நிழலைக் கண்டால்கூட மிரளும். கையில் ஏறி உட்கார்ந்தால் பாசம் என்று நினைக்கிறோம். அதற்கு நம் கை இன்னொரு கிளை, அதுவும் ஆபத்தான கிளை. நாய் வாலாட்டுவதுபோல் எதையும் இது திருப்பித் தராது.

குஞ்சு பொரிப்பதைப் பற்றித்தானே கேட்டீர்கள்? வெயில்டு பச்சோந்தி ஒரு ஈட்டுக்கு இருபதிலிருந்து எண்பது முட்டைவரை இடும். ஆண் துணையே இல்லாவிட்டாலும் கருவில்லாத முட்டைகளை இடும், இட வேண்டும். ஆழமாக ஈர மணல் போட்ட வாளி வைத்து, அது தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்காமல் மறைப்புக் கட்ட வேண்டும். யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும். என் அலமாரியில் மண்ணும் இல்லை. வாசலில் எந்நேரமும் வேடிக்கை பார்க்கிற பையன்கள். பேந்தர் பச்சோந்தியின் முட்டை பொரிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம். அதுவரை சூடும் ஈரமும் பிசகக் கூடாது. பொரிந்த குஞ்சு தீப்பெட்டிக்குள் அடங்கும். சில மாதங்களில் அவை ஒன்றையொன்று மிரட்டத் தொடங்கும். அப்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. நாற்பது குஞ்சு என்றால் நாற்பது கூண்டு, நாற்பது விளக்கு. அந்த நாற்பதையும் எங்கே கொடுப்பீர்கள்? வாங்குகிறவர் வீட்டில் அது எத்தனை நாள் இருக்கும்?

கொல்லையில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஹவாய்த் தீவில் 1972இல் அது நடந்தது. கென்யாவிலிருந்து வந்த மூன்று கொம்புப் பச்சோந்திகள் முப்பத்தாறை, பயணத்தில் வாடிப்போயின, தெளியட்டும் என்று ஒரு வணிகர் தன் தோட்டத்தில் விட்டார். அவை அங்கேயே பெருகி, இன்றைக்கு அந்தத் தீவுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்றுகொண்டிருக்கின்றன.

சட்டமும் இதற்கு இருக்கிறது. 2022இல் வனவுயிர் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கான விதிகள் வந்தன. சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் இருக்கிற பிராணி எதை வைத்திருந்தாலும் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பிறந்தாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். நாம் பேசுகிற இரண்டு இனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. உரிமத்தோடு இறக்குமதியான தாய் தகப்பனுக்குப் பிறந்தது என்பதற்குக் காகிதம் இல்லாத எந்தப் பிராணியையும், ‘வீட்டுலேயே பொறந்தது சார்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி வாங்காதீர்கள்.

காகிதம் இல்லாதவை எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்ள நாம் எங்கும் போக வேண்டாம். நம் விமான நிலையத்திலேயே நடக்கிறது. 2023 ஜூலை 30 அன்று கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் டிராலிப் பெட்டியைத் திருச்சியில் சுங்கத்துறையினர் திறந்தார்கள். உள்ளே துளை போட்ட டப்பாக்கள். அவற்றில் நாற்பத்தேழு மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் உயிரோடு இருந்தன. துணிக்கு நடுவே, இருட்டில், கடல் தாண்டி வந்திருக்கின்றன. அதற்குப் பிறகும் அலங்கார ஆமைக் குஞ்சுகள் இதே வழியில் வந்து பிடிபட்டிருக்கின்றன. பிடிபட்டவை செய்தியாகின்றன. கூண்டுக்கு வந்து சேர்கிற ஒரு பிராணிக்குப் பின்னால், வழியிலேயே செத்தவை எத்தனை என்று வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. மடகாஸ்கரில் உலகத்தின் பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழப் பாதி இருக்கின்றன. அங்கிருந்து அள்ளிக்கொண்டு போனது தாங்காமல், 1990களின் நடுவில் நாலே நாலு இனங்கள் தவிர மற்றப் பச்சோந்திகளின் வணிகத்தை நிறுத்த வேண்டியிருந்தது.

அரிய இனத்தை வீட்டில் இனப்பெருக்கம் செய்தால் அது அழியாமல் காப்பாற்றியதாகாதா என்று ஒரு தம்பி கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கினார்கள். சில முதலைகளில் ஆரம்பித்தது ஆயிரக்கணக்கில் பெருகியது. வளர்ப்பு அவ்வளவு வெற்றி. பிறகு வந்த சிக்கல் என்ன? விடுவதற்கு ஆறு இல்லை, ஏரி இல்லை. 1990களில் முதலைகளை ஆற்றில் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். முட்டை பொரிப்பது நம்மால் முடிந்தது. ஒரு மடுவைப் பொரிக்க முடியவில்லை. மலாவி நாட்டில் சாப்மன் குட்டைப் பச்சோந்தி என்று ஒன்று. அதன் காடு அழிந்துகொண்டே போனதால் 1998இல் முப்பத்தேழு பச்சோந்திகளைப் பிடித்து வேறொரு காட்டுத் துண்டில் விட்டார்கள். பதினாலு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அங்கே அவை இருந்தன. அதன் சொந்த மலையிலும், முற்றிலும் போய்விட்டதோ என்று பயந்திருந்த நேரத்தில், 2016இல் மிச்சமிருந்த மரத்திட்டுகளில் கண்டுபிடித்தார்கள். இரண்டு இடத்திலும் அதைப் பிழைக்க வைத்தது மரம்.

நம் ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். இந்தத் தீவு இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. என் சின்ன வயதில் மேலூரிலும் கொள்ளிடக் கரையிலும் தோட்டத்துக்குத் தோட்டம் உயிர்வேலிதான். கிளுவை, நொச்சி, ஆடாதொடை, கொடுக்காப்புளி, காரை, சூரை. அதன்மேல் வேலிப்பருத்தி, கோவை, பிரண்டை. பச்சோந்தியின் முன்னங்காலைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்து விரலும் மூன்று, இரண்டு என்று இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கிபோல் இருக்கும். பின்னங்காலில் அந்தக் கணக்கு மாறிவிடும். கிளையைக் கவ்வுவதற்கென்றே ஆன கால். தட்டைத் தரையில் அது நடப்பதைப் பார்த்தால் நமக்கே தவிப்பாக இருக்கும். கொடியும் கிளையும் பின்னிக் கிடந்த வேலி, அதற்குத் தெருவும் வீடும் மளிகைக் கடையும். இன்றைக்கு மனை பிரித்து, வேலியைப் பெயர்த்து, ஹாலோபிளாக் சுவர் எழுப்பிவிட்டோம். மிச்ச இடத்தில் கல்தூணும் கம்பியும். பூச்சிமருந்து அடித்து அதன் சாப்பாட்டையும் கொன்றோம். ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்குப் போக அது தார்ச்சாலையில் இறங்குகிறது. ஒரு அடி எடுத்து வைக்கு முன் இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடுகிற நடை அதற்கு. லாரிக்கு எங்கே தெரியும்?

அதே மேலூரில்தான் 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்தார்கள். இருபத்தைந்து ஏக்கர். அங்கே நடந்ததைப் பாருங்கள். எருக்கு வைத்தால் எருக்கைத் தின்கிற பூச்சி வந்தது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்தால் அவற்றில் முட்டையிடுகிற வண்ணத்துப்பூச்சி வந்தது. செடியை வளர்த்தார்கள், சிறகு தானே வந்து சேர்ந்தது.

தம்பிகளே, குஞ்சு பொரிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் பறிக்கவில்லை. கூண்டுக்குப் பதிலாக வேலியைப் போடுங்கள். வீட்டில் இடம் இருந்தால் ஒரு சுவர் நீளத்துக்கு நொச்சியும் ஆடாதொடையும் நடுங்கள். ஊரில் தாத்தா தோட்டம் இருந்தால் கிளுவைக் குச்சி வெட்டிச் சொருகுங்கள். ஆடி மழைக்குப் பிடித்துக்கொள்ளும். கொடி ஏறினால் வெட்டாதீர்கள். அடியில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை மண்ணாகவே விடுங்கள், சிமெண்டு பூசாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் டார்ச் எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவரோடு வேலியோரம் நடந்து பாருங்கள். பகலில் கண்ணுக்கே படாத பச்சோந்தி இரவில் வெளிறிப்போய்க் கிளை நுனியில் வால் சுருட்டித் தூங்கும். வெளிச்சம் பட்டால் இலைகளுக்கு நடுவே தனியாகத் தெரியும். எண்ணுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள். தொடாதீர்கள். இந்தத் தீவில் எத்தனை பச்சோந்தி இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறையட்டும். அந்தப் புத்தகத்தை இந்த நூலகத்தில் வைக்கலாம்.

வேலியிலே போகிற ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றானாம் என்று ஒரு பழமொழி உண்டு. நாம் அதை மடியின் பக்கம் நின்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஓணானின் பக்கம் நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அது வேலியில் தன் காரியத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாய் திறந்து சீறினாலும், தொண்டையை உப்பிக் காட்டினாலும் பச்சோந்திக்கு விஷம் இல்லை. எச்சில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அடிக்காதீர்கள், அடிக்கிற பிள்ளையைத் தடுங்கள். சாலையில் கண்டால் ஒரு நீளக் குச்சியை நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்த ஐப்பசி மழை விட்டதும், வேலியடியில் ஒரு பச்சோந்தி மண் பறித்துக்கொண்டிருப்பதை உங்களில் யாராவது பார்க்கக்கூடும். பத்தடி தள்ளி நில்லுங்கள். நாயும் கோழியும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது குழியை மூடி, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி கிளையில் ஏறுகிறவரை அங்கேயே காவல் இருங்கள். அப்பாயி சொல்லியும் நான் செய்யாத காரியம் அது. நீங்கள் செய்யுங்கள்.